பழைய வாக்யூம் கிளீனர்களின் ஜீர்ணோத்தாரணம்

1926-ஆம் ஆண்டில் வெளிவந்த ஹூவர் 700 என்ற வாக்யூம் கிளீனரை மேசைமீது சாய்த்து, அடித்தகட்டைக் கழற்றி, விசிறி சுழலும் அறைக்குள் விளக்கைப் பிடித்துப் பார்த்தால், அதை ஒரு காலத்தில் வைத்திருந்த குடும்பத்தின் சில்லறைச் சாமான்கள் இன்னமும் அங்கே தங்கியிருப்பதைக் காணலாம்: துருப்பிடித்த கொண்டை ஊசி, சட்டைப் பித்தான், கிறிஸ்துமஸ் மரத்தின் காய்ந்த ஊசியிலை, கோலிக்குண்டின் சில்லு. இந்த ஜாதி யந்திரங்களில் தரையிலிருந்து உறிஞ்சப்படும் குப்பை முதலில் விசிறியின் இறக்கைகளைக் கடந்து, அதன் பிறகே கைப்பிடியோடு தொங்கும் துணிப்பைக்குள் போய் விழுகிறது. ஆகையால் இல்லத்தரசியின் கண்ணுக்குத் தப்பிய நாணயம் ஒவ்வொன்றும் விசிறியின்மீது மோதி, இறக்கையில் ஒரு வடுவை உண்டாக்கிவிட்டே சென்றிருக்கும். வடுக்கள் மிகுந்தால் விசிறியின் சமநிலை கெடும். சமநிலை கெட்டால் அச்சு அதிரும். அச்சு அதிர்ந்தால் பேரிங் தேயும். ஒரு யந்திரம் ஏன் ஓய்ந்தது என்பதை ஆராயப் புகுகிறவன் இந்தக் காரியகாரணத் தொடரைப் பின்னோக்கிப் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். அந்தப் படிப்பில் எனக்கு ஏற்பட்ட பிரியமே இந்த யந்திரங்களைச் சேகரிக்கவும் புதுப்பிக்கவும் என்னைத் தூண்டியது.

நான் வசிப்பது அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலம். இங்கே முதியவர் ஒருவர் காலமானாலோ வீட்டைக் காலி செய்து கொண்டு முதியோர் இல்லத்துக்குப் போனாலோ, வீட்டுச் சாமான்கள் அனைத்தையும் வாசற்கதவைத் திறந்து வைத்து விற்பது வழக்கம். பீங்கானையும் வெள்ளிப் பாத்திரங்களையும் நாடி எல்லோரும் முன்னறைக்கு விரையும்போது, நிலவறையின் படிக்கட்டுக்கு அடியில் சாத்திக் கிடக்கும் பழைய ஹூவரையோ கிர்பியையோ எலெக்ட்ரோலக்ஸையோ கேட்பார் இல்லை. அப்படிப்பட்ட அனாதைகளைக் கண்டெடுத்து, பழுது பார்த்து, மீண்டும் ஓடச் செய்து பாதுகாக்கும் ஒரு சிறு கூட்டம் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் நெடுங்காலமாக இருந்து வருகிறது. அவர்களுக்கென்று சங்கம் உண்டு, சம்மேளனம் உண்டு, ஒலியைக் கேட்ட மாத்திரத்திலேயே யந்திரத்தின் வகையைச் சொல்லிவிடும் நிபுணர்களும் உண்டு. சென்னையிலிருந்து வருகிற உறவினர்கள் என் பட்டறையைப் பார்த்துவிட்டு, "இதிலே போய் என்ன இருக்கிறது?" என்று கேட்பதுண்டு. அவர்களுக்கு விஸ்தாரமாகச் சொல்ல வேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்ததை இங்கே எழுதுகிறேன்.

இந்த மாநிலத்துக் கேன்டன் நகரிலேதான் கதையின் முக்கியமான பாகம் நடந்தது. ஜேம்ஸ் முர்ரே ஸ்பேங்ளர் என்பவர் அறுபது வயதை நெருங்கிய காலத்தில், அந்நகரின் பெரிய ஜவுளிக் கடை ஒன்றில் இரவு நேரத்தில் கூட்டிப் பெருக்கும் வேலை பார்த்து வந்தார். வயல்வேலைக்கு உரிய கருவிகள் சிலவற்றைக் கண்டுபிடித்தும் அவற்றால் செல்வம் சேர்க்க இயலாத மனிதர் அவர். போதாக்குறைக்கு ஆஸ்த்மா நோயாளி. கம்பளத்தைத் துடைப்பத்தால் பெருக்கும்போதெல்லாம் எழும்பிய புழுதி அவர் மூச்சை அடைத்தது. வேலையை விட்டால் பிழைப்பில்லை, தொடர்ந்தால் சுவாசமில்லை என்ற நிலையில், 1907-இல் அவர் ஒரு பழைய மின்விசிறி மோட்டாரையும் ஒரு பெட்டியையும் துடைப்பக் கட்டையையும் தலையணை உறையையும் ஒன்றாகப் பிணைத்து, முன்புறத்தில் உருளும் பிரஷ் ஒன்றையும் பொருத்தி, புழுதியைக் கிளப்பாமல் உள்ளிழுத்துக்கொள்ளும் ஒரு சாதனத்தைச் செய்தார். உருளும் பிரஷ், உறிஞ்சும் விசிறி, குப்பையைத் தாங்கும் துணிப்பை ஆகிய மூன்றும் ஒரே கைப்பிடியில் அமைந்த அந்த ஏற்பாட்டுக்கு 1908 ஜூன் 2-ஆம் தேதி காப்புரிமை கிடைத்தது. தலையணை உறையைத்தான் இன்று நாம் பை என்கிறோம்; மற்றபடி நிமிர்ந்து நிற்கும் வாக்யூம் கிளீனரின் அங்க அமைப்பு அன்று அவர் வகுத்தபடியேதான் பல தலைமுறைகளுக்கு நீடித்தது.

யந்திரத்தின் அருமையை முதலில் உணர்ந்தவர்களில் ஒருவர் ஒரு பெண்மணி. ஸ்பேங்ளர் குடும்பத்துக்குப் பழக்கமான சூசன் ஹூவர் அதை வாங்கித் தம் வீட்டில் உபயோகித்துப் பார்த்துவிட்டுத் தம் கணவரிடம் சொன்னார். கணவர் வில்லியம் ஹென்றி ஹூவர், நியூ பெர்லின் என்ற பக்கத்து ஊரில் குதிரைச் சேணமும் தோல் சாமான்களும் செய்து விற்றவர். மோட்டார் கார் பெருகினால் சேணத்துக்கு இனிக் கிராக்கி இராது என்பதைத் தீர்க்கதரிசனமாகக் கண்டு கவலைப்பட்டுக்கொண்டிருந்த அவர், 1908-இல் அந்தக் காப்புரிமையை வாங்கி, தோல் தொழிற்சாலையின் ஒரு மூலையிலேயே உற்பத்தியைத் தொடங்கினார். மாடல் ஓ என்று பெயர் பெற்ற முதல் யந்திரத்தின் விலை 60 டாலர்; எடை சுமார் 40 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 18 கிலோ. அதே ஆண்டு டிசம்பரில் ஒரு பிரபல வாரப் பத்திரிகையில், பத்து நாள் வீட்டில் இலவசமாக வைத்துப் பரீட்சித்துப் பார்க்கலாம் என்று விளம்பரம் செய்து, விசாரித்து எழுதியவர்களுக்கு அவரவர் ஊரில் உள்ள நம்பகமான கடைக்காரர் மூலமாக யந்திரத்தை அனுப்பி, அந்தக் கடைக்காரர்களையே பிறகு தமது ஏஜெண்டுகளாக ஆக்கிக்கொண்ட அவருடைய வியாபார யுக்தி, யந்திரத்துக்குச் சற்றும் குறைந்த கண்டுபிடிப்பாக எனக்குத் தோன்றவில்லை. நியூ பெர்லினுக்கு முதல் உலக யுத்தத்தின்போது, 1918-இல், நார்த் கேன்டன் என்று பெயர் மாறியது. ஹூவர் வளர்ந்த பண்ணைவீடு இன்று அங்கே ஒரு காட்சியகமாக இருக்கிறது.

உலகம் ஹூவரை நினைவு வைத்துக்கொண்டு ஸ்பேங்ளரை மறந்துவிட்டது. இதில் எனக்கு வருத்தம் உண்டு. ஆனால் ஹூவர்மீது பழி சுமத்த நான் ஒப்பமாட்டேன். அவர் ஸ்பேங்ளரைத் தொழிற்சாலையிலேயே வேலைக்கு அமர்த்தி, விற்ற யந்திரங்களுக்கு ராயல்டியும் கொடுத்து வந்தார். 1915-இல் ஸ்பேங்ளர் மறைந்த பிறகும் அவர் குடும்பத்துக்கு அந்தத் தொகை போய்க்கொண்டிருந்தது. ஏழைக் கண்டுபிடிப்பாளனின் மூளையைச் சுரண்டிக் கொழுத்த முதலாளிகளின் சரித்திரம் மலிந்த ஒரு தேசத்தில், இது மனத்துக்கு ஆறுதல் தருகிற விஷயம்.

இங்கிலாந்தின் பாத்தியதையையும் நான் மறைக்கக் கூடாது. ஸ்பேங்ளருக்கு ஆறேழு ஆண்டுகள் முன்னரே, 1901-இல், ஹியூபர்ட் செஸில் பூத் என்ற என்ஜினீயர், காற்றை ஊதித் தூசியைக் கிளப்பும் ஒரு கருவியின் செய்முறை விளக்கத்தை லண்டனில் பார்த்துவிட்டு, ஊதுவதற்குப் பதிலாக உறிஞ்சினால் என்ன என்று யோசித்தார். உணவு விடுதி ஒன்றில் நாற்காலியின் மெத்தைமீது கைக்குட்டையை வைத்து வாயால் உறிஞ்சி, மூச்சுத் திணறியபோதிலும், துணியின் மறுபுறத்தில் படிந்திருந்த கறுப்பைக் கண்டு ஆனந்தித்தார் என்பது பிரசித்தமான கதை. பூத் செய்த யந்திரம் வீட்டுக்குள் நுழையக்கூடியதாக இல்லை. குதிரை வண்டியில் ஏற்றப்பட்டுத் தெருவில் நின்றது. நீண்ட குழாய்கள் ஜன்னல் வழியாக உள்ளே சென்றன. 1902-இல் ஏழாம் எட்வர்டு மன்னரின் முடிசூட்டு விழாவுக்காக வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தின் கம்பளங்களை அது சுத்தம் செய்தது. பிறகு அரண்மனையிலும் இடம் பிடித்தது. முதல் உலக யுத்தத்தில் கடற்படையினர் தங்கியிருந்த கிரிஸ்டல் பாலஸ் மாளிகையிலிருந்து இத்தகைய யந்திரங்கள் 26 டன் தூசியை அகற்றினவாம். ராட்டினச் சக்கரங்களுக்கும் வரைபடம் போட்டவர் பூத். அவர் பாதை ஸ்பேங்ளரின் பாதைக்கு அடியோடு வேறு: பூத் சுத்தத்தை ஒரு சேவையாகத் தெருவிலிருந்து விற்றார்; ஸ்பேங்ளர் அதை ஒருவர் கையில் பிடிக்கும் கருவியாக்கினார். சேகரிப்பவர்களின் வாஞ்சை ஸ்பேங்ளரின் சந்ததியின் மீதே பெரும்பாலும் செல்வதற்கு, அவற்றை ஒரு மனிதன் மேசைமீது தூக்கி வைக்க முடியும் என்பதும் ஒரு காரணமே.

இனிப் பட்டறைக்கு வருவோம்.

பழைய யந்திரம் கைக்கு வந்தவுடன் பிளக்கைச் சுவரில் செருகிப் பார்க்க வேண்டும் என்ற ஆவல் எவருக்கும் எழும். அதை அடக்குவதே முதற்பாடம். அக்காலத்து வயரின் உள்ளே செம்புக் கம்பிகளைச் சுற்றியிருப்பது ரப்பர். மேலே பருத்தி நூல் பின்னல். பின்னல் பார்வைக்கு நன்றாகவே இருக்கும். உள்ளே ரப்பர் காய்ந்து, மடக்கினால் பொடியாக உதிரும். யந்திரத்தின் உடலோ அலுமினியம், பிளக்கில் இரண்டே கால்கள், எர்த் கிடையாது. கம்பி உடலைத் தொட்டுக்கொண்டிருந்தால், கைப்பிடியைப் பற்றுகிறவனின் உயிருக்கே ஆபத்து. ஆகையால் வயரை மாற்றியே தீர வேண்டும் என்பது என் சித்தாந்தம். பழைய தோற்றத்திலேயே, வெளியே துணிப் பின்னலும் உள்ளே நவீன இன்சுலேஷனும் உள்ள வயர் இப்போது கிடைக்கிறது. மூல வயரைக் காப்பாற்ற விரும்புகிறவர் அதைச் சுருட்டி ஒரு பையில் போட்டு யந்திரத்தோடு வைத்துக்கொள்ளட்டும்.

அதன் பிறகு, நம் ஊர் எலெக்ட்ரீஷியன்கள் அறிந்த சீரிஸ் லாம்ப் முறையில், ஒரு குண்டு பல்பைத் தொடராக இணைத்து மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்க வேண்டும். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழுப் பிரகாசத்தோடு எரிந்து எச்சரிக்கும்; மோட்டார் எரியாது. இந்த மோட்டார்கள் ஏ.சி., டி.சி. இரண்டு மின்சாரத்திலும் ஓடும் யூனிவர்சல் வகையைச் சேர்ந்தவை. அப்படி அமைத்ததற்கு அக்கால நிலைமை ஒரு காரணம்: ஒரு தெருவில் டி.சி., அடுத்த தெருவில் ஏ.சி. என்று அமெரிக்க நகரங்கள் பிளவுபட்டிருந்தன. நியூயார்க்கில் எடிசன் காலத்து டி.சி. வினியோகத்தின் கடைசி இணைப்பு 2007-இல்தான் துண்டிக்கப்பட்டது. எந்த வீட்டுக்குப் போனாலும் ஓட வேண்டும் என்று கருதி யோசித்துச் செய்த மோட்டார் அது. (இந்தியாவுக்கு ஒன்றை எடுத்துச் செல்ல நினைப்பவர் கவனிக்க: இவை 110 வோல்ட்டுக்குச் செய்யப்பட்டவை, டிரான்ஸ்பார்மர் இல்லாமல் நம் வீட்டு மின்சாரத்தில் இணைத்தால் அந்த நிமிஷமே எரிந்து போகும்.)

மோட்டாரைத் திறந்தால், ஆர்மேச்சரின் ஒரு முனையில் செம்புப் பட்டைகளால் ஆன கம்யூட்டேட்டரும், அதை இருபுறமும் அழுத்தி நிற்கும் இரண்டு கார்பன் பிரஷ்களும் தென்படும். தேய்ந்தவை கார்பன்களேயானால் கவலையில்லை. தேய்வதற்கென்றே வைக்கப்பட்டவை அவை. சரியான அளவு கிடைக்காவிட்டால் பெரிய கார்பன் ஒன்றை வாங்கி உரசிச் சிறிதாக்கி, அதன் முகத்தைக் கம்யூட்டேட்டரின் வளைவுக்கு ஏற்பக் குழிவாகத் தேய்த்துக்கொள்ளலாம். கறுத்துப்போன கம்யூட்டேட்டரை மிக நுண்ணிய மணல் தாளால் மெருகிட வேண்டுமே ஒழிய எமரித் தாளைக் கிட்டே கொண்டுபோகக் கூடாது. எமரியின் துகள் மின்சாரத்தைக் கடத்தும், பட்டைகளுக்கு இடையிலுள்ள அபிரகத்தின் இடுக்குகளில் தங்கி விபரீதம் விளைக்கும். பேரிங்குகளில் பழைய கிரீஸ் மெழுகாய் இறுகியிருக்கும். மண்ணெண்ணெயில் ஊற வைத்துக் கழுவி, உலர்த்தி, புதுக் கிரீஸ் இட்டால், பலவும் மறுபடி சேவைக்கு வந்துவிடும். முதன்முதலாக மோட்டார் சீராகச் சுழலத் தொடங்கி, உறுமல் படிப்படியாக உயர்ந்து ஒரே ஸ்வரத்தில் நிலைத்து நிற்கும்போது ஏற்படும் சந்தோஷத்துக்கு இணையான சந்தோஷத்தை நான் வேறெந்த வேலையிலும் அனுபவித்ததில்லை.

தொடக்கத்தில் சொன்ன ஹூவர் 700-இன் விசேஷமும் சொல்லப்பட வேண்டியதே. அதுவரை பிரஷ் மட்டுமே இருந்த உருளையில் உலோகத் தண்டுகளைப் பதித்து, உறிஞ்சும் காற்றால் மேலே தூக்கப்பட்ட கம்பளத்தை அவை தட்டிக்கொண்டே சுழலும்படி செய்தார்கள். கம்பளத்தின் அடியில் பதிந்துள்ள பரல் மண்தான் மிதிபடும்போதெல்லாம் இழைகளை அறுக்கிறது. மேலே தெரியும் தூசியை மட்டும் எடுத்தால் கம்பளத்தின் ஆயுள் நீளாது. கம்பளத்தைக் கொடியில் போட்டுக் கழியால் அடித்த வழக்கத்தின் தத்துவத்தை அப்படியே யந்திரத்துக்குள் புகுத்திவிட்ட அந்தச் சாதுரியத்தை, பெல்ட்டை மாட்டி உருளையைக் கையால் சுழற்றிப் பார்க்கும்போதெல்லாம் நான் வியக்கிறேன்.

சேகரிப்பவர்களுக்குள் ஒரு தீராத வாதம் உண்டு. அலுமினிய உடலைப் பஃபிங் சக்கரத்தில் கொடுத்து முகம் பார்க்கும் கண்ணாடியாக்குவதா, அல்லது வந்த மேனியிலேயே துடைத்து வைப்பதா என்பதே அது. பளபளப்பின் கட்சி பெரிது; அவர்களுடைய யந்திரங்கள் சம்மேளனங்களில் கண்ணைப் பறிப்பதும் உண்மை. ஆயினும் என் அபிப்பிராயம் மறுபக்கம் சார்ந்தது. நம் நாட்டுக் கோயில்களில் திருப்பணி என்று தொடங்கி, மணலைப் பீய்ச்சி அடித்துக் கல்லைச் சுத்தம் செய்யப் போய், நூற்றாண்டுகளைத் தாண்டி நின்ற கல்வெட்டு எழுத்துக்களை மழுங்கடித்த துயரத்தை நாம் அறிவோம். வார்ப்பில் எழும்பி நிற்கும் எழுத்தும், எண்ணும், வார்த்த அச்சின் தடமும் அந்த யந்திரத்தின் கல்வெட்டு. சக்கரம் அவற்றைத் தேய்த்துவிடும். தேய்ந்ததை எந்த வித்தையாலும் மீட்க முடியாது. கைப்பிடியின் ஒரு பக்கத்தில் மட்டும் வார்னிஷ் அழிந்திருப்பது, வலது கைப் பழக்கமுள்ள ஒருத்தி அதை ஆண்டாண்டு காலமாகத் தள்ளி நடந்தாள் என்பதற்குச் சாட்சி. அதன்மேல் புது வார்னிஷ் பூசுவது அந்தச் சாட்சியத்தை அழிப்பதாகும். பையும் அப்படியே. கிழிந்த இடத்தில் இழை ஓட்டித் தைக்கலாம். வெந்நீரில் துவைத்து, அச்சிட்ட எழுத்தைப் போக்கிவிடக் கூடாது. ஓடாத உறுப்பை ஓட வை, ஆபத்தான உறுப்பை மாற்று, மற்றவற்றைத் தொடாதே என்பதே நான் கைக்கொண்டுள்ள விதி.

1936-இல் வந்த ஹூவர் 150-க்கு இந்த விதி இன்னும் கண்டிப்பாகப் பொருந்தும். தொலைபேசிகளுக்கு உருவம் வகுத்துப் புகழ்பெற்ற ஹென்றி டிரேபஸ் அதற்கும் உருவம் கொடுத்தார். மோட்டாரை மூடும் கூடு பேக்லைட்டால் ஆனது. பேக்லைட் ஒரு தரம் சூட்டில் இறுகிவிட்டால் மறுபடி உருகாது. விரிசல் விட்டால் ஒட்டிக்கொள்ளலாமே தவிர, பழைய ஏகத்துவம் திரும்பாது. வெயில்பட்டு வெளிறிய மேல்தோலை மென்மையான பாலிஷால் ஓரளவுக்கே தெளிவாக்க முடியும். காரத்தில் ஊற வைத்தால் மேற்பரப்பு நாசம்.

ஸ்வீடன் தேசத்து அக்ஸெல் வென்னர்-கிரேன் நடத்திய எலெக்ட்ரோலக்ஸ் கம்பெனி 1921-இல் வெளியிட்ட மாடல் 5 முதலாக, சறுக்குக் கட்டைகள்மீது தரையோடு இழுபடும் உருளை வடிவம் பரவியது. அதில் குப்பை பையிலேயே தங்கிவிட, சுத்தமான காற்று மட்டுமே விசிறியை அடைகிறது. ஆகையால் அந்த விசிறிகள் வடுவில்லாமல் கிடைக்கின்றன. கிர்பியைப் பற்றித் தனியே எழுத வேண்டும். ஒரு வார்த்தை மட்டும்: கழற்றுவதற்கும் மாட்டுவதற்கும் அவ்வளவு இணக்கமான யந்திரத்தை நான் கண்டதில்லை.

தமிழ்நாட்டில் இவற்றை அதிகம் காண முடியாததற்குக் காரணம் நம் தரைதான். சிவப்புக் காவித் தரைக்கும் மொசைக்குக்கும் துடைப்பமும் ஈரத்துணியும் போதும். கம்பளம் விரிக்காத வீட்டில் கம்பளம் தட்டும் உருளைக்கு வேலையில்லை. 1982-இல் தொடங்கிய யூரேகா போர்ப்ஸ் கம்பெனியின் விற்பனையாளர்கள் கழுத்தில் டை கட்டிக்கொண்டு வீடு வீடாக வந்து, மெத்தையிலிருந்து தூசியை எடுத்துக் காட்டிய பிறகே நம் நடுத்தரக் குடும்பங்களுக்கு இந்தச் சாதனம் பரிச்சயமாயிற்று. அப்போது வாங்கிய யூரோகிளீன்கள் பல வீடுகளின் பரணில் இன்றும் உறங்குகின்றன. அவற்றில் சிலவற்றுக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. அவற்றைச் சேகரிக்க நம்மவர் ஒருவரேனும் முன்வர வேண்டும் என்பது என் ஆசை.

இவற்றைப் போற்றுவதற்கு நான் கொள்ளும் தலையாய நியாயம் ஒன்று உண்டு. செய்தவர்கள் இவற்றைத் திறப்பதற்காகவே செய்தார்கள். வெளியே தெரியும் திருகுகள், தனியே கழலும் கார்பன் மூடிகள், விரலால் மாற்றக்கூடிய பெல்ட், எண்ணெய் விடுவதற்கென்று அமைத்த துவாரம் ஆகியவையெல்லாம், வாங்கியவனுக்கு யந்திரத்தின் உட்புறத்திலும் உரிமை உண்டு என்று செய்தவன் ஒப்புக்கொண்டதன் அடையாளங்கள். பசையிட்டு மூடி, திறந்தால் உடையும்படி செய்யப்படும் இக்காலத்துச் சாமான்களில் அந்த உரிமை பறிபோய்விட்டது. பழைய யந்திரம் ஒன்றைப் பழுது பார்த்து ஓட்டுகிறவன் அந்த உரிமையை உபயோகத்தில் வைத்திருக்கிறான்.

உங்கள் வீட்டுப் பரணிலோ, வெளிநாட்டிலுள்ள உறவினரின் நிலவறையிலோ இத்தகைய யந்திரம் ஒன்று கிடந்தால், பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாதீர்கள். சுவிட்சைத் தட்டிப் பார்க்காதீர்கள். முதலில் வயரைப் பரிசோதியுங்கள். மாடலும் வரிசை எண்ணும் பொறித்த பெயர்த்தகட்டை எக்காரணம் கொண்டும் கழற்றவோ தேய்க்கவோ வேண்டாம். அது இருந்தால், எந்தப் பெல்ட், எந்தக் கார்பன், எந்தப் பேரிங் என்று எந்தத் தேசத்திலிருந்தும் கேட்டு வாங்கிவிடலாம்.